விண்வெளித் தொலைநோக்கியைக் கற்றுத்தரும் கேம்: ஆடுபவர் கையில் எதைக் கொடுப்பது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் கொஞ்சம் புரோகிராமிங் தெரிந்தவர். கேம் செய்ய உதவும் கோடோ எஞ்சின் என்ற மென்பொருளில் இரண்டு சின்ன கேம் செய்து பார்த்திருக்கிறார். வானியலில் அரிச்சுவடிகூடத் தெரியாதவர்களுக்கு, அதாவது பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும் ஆர்வமுள்ள பெரியவர்களுக்கும், விண்வெளித் தொலைநோக்கிகளைப் பற்றி ஒரு கேம் செய்ய ஆசைப்படுகிறார். விண்கலத்தை ஓட்டிக்கொண்டு போக வேண்டும், எதிரே வரும் விண்கற்களைச் சுட வேண்டும், லெவல் முடிவில் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி பற்றியோ, அகச்சிவப்பு ஒளியில் பார்க்கும் வெப் தொலைநோக்கி பற்றியோ ஒரு கேள்வி வரும், சரியாகச் சொன்னால் அடுத்த லெவல். இது சரிவருமா, அறிவியல் எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும், எந்தத் தொலைநோக்கியிலிருந்து தொடங்கலாம் என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன்: சரிவராது. கேள்விகளை ஒட்டவைத்த சுடும் விளையாட்டில் பிள்ளைகள் கற்றுக்கொள்வது சுடுவதைத்தான். கை எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ அதுதான் மனதில் தங்கும். நடுவில் வரும் கேள்வி, கதவைத் திறக்கக் கேட்கும் கடவுச்சொல் மாதிரி. திறந்ததும் மறந்துபோகும். இதை ஜேக்கப் ஹாப்குட், ஷேரன் ஐன்ஸ்வொர்த் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் நன்றாகக் காட்டினார்கள். வகுத்தல் கணக்குக்காக ஒரே கேமை இரண்டு விதமாகச் செய்தார்கள். ஒன்றில், எதிரே வரும் எலும்புக்கூட்டின் மார்பில் ஓர் எண் இருக்கும். அதை மீதியில்லாமல் வகுக்கும் ஆயுதத்தை எடுத்தால்தான் அது விழும். இன்னொன்றில் சண்டையில் கணக்கே கிடையாது. கணக்குக் கேள்விகள் லெவல் முடிவில் தனியாக வரும். இரண்டுக்கும் ஒரே நேரம் கொடுத்தபோது முதல் வகையில்தான் பிள்ளைகள் கூடுதலாகக் கற்றார்கள். விருப்பம்போல் விளையாட விட்டபோது முதல் வகையில் ஏழு மடங்கு நேரம் செலவழித்தார்கள். நீங்கள் யோசித்திருப்பது இரண்டாவது வகை.

அப்படியானால் என்ன செய்வது? தொலைநோக்கியை இயக்குபவர்கள் நாள் முழுக்க என்ன முடிவுகளை எடுக்கிறார்கள் என்று பாருங்கள். எங்கே திருப்புவது, எவ்வளவு நேரம் அங்கேயே நிற்பது, குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் உள்ளே விடும் வடிகட்டிகளில் எதைப் போடுவது, இன்றைக்கு எந்தப் பக்கம் திரும்பவே கூடாது, ஒரு பாகம் கெட்டுப்போனால் மிச்சத்தை வைத்து என்ன செய்யலாம். இந்த முடிவுகளைத்தான் ஆடுபவர் கையில் கொடுக்க வேண்டும். தொலைநோக்கிக்கு இருக்கும் ஒவ்வொரு கட்டுப்பாடும் உங்கள் கேமுக்கு ஒரு விதி. விதிகளை நீங்கள் கற்பனை செய்யவே வேண்டாம், இயற்பியல் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் செய்த முதல் மாதிரியில் திரையின் ஓரத்தில் ஒரு ஜூம் பட்டை வைத்திருந்தேன். அதை இழுத்தால் விண்மீன் மண்டலம் பக்கத்தில் வரும். பிள்ளைகள் ரசித்து விளையாடினார்கள். முடிந்த பிறகு, தொலைநோக்கியை ஏன் விண்வெளிக்கு அனுப்புகிறோம் என்று கேட்டேன். ஏறக்குறைய எல்லோருமே நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் போவதற்காக என்றார்கள். தவறான எண்ணத்தை நான்தான் ஜூம் பட்டை வழியாக அவர்கள் கையில் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கே அந்தப் பட்டையை எடுத்துவிட்டேன்.

புதியவர்களிடம் இருக்கும் தவறான எண்ணங்களில் இதுதான் மிகவும் ஆழமானது. இதை உடைக்க ஓர் அளவுகோல் உதவும். பூமியை 1 செ.மீ. மணியாக வைத்துக்கொள்ளுங்கள். சந்திரன் 30 செ.மீ. தள்ளி இருக்கும். ஹப்பிள் அந்த மணியின் மேற்பரப்பிலிருந்து அரை மில்லிமீட்டர்கூட உயரத்தில் இல்லை. 15 லட்சம் கி.மீ. தொலைவில் இருக்கும் வெப், ஒன்றேகால் மீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளி இருக்கும். இதே அளவில் சூரியனுக்கு அடுத்த நெருங்கிய நட்சத்திரம் எங்கே? 31,000 கி.மீ.க்கும் அப்பால். கேமின் தொடக்கத் திரையிலேயே இதைச் செய்ய விடுங்கள்: மணியிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டே போகட்டும், நட்சத்திரம் வராது. 'பக்கத்தில் போவதற்காக' என்ற எண்ணம் விரல் வலிக்கும்போது தானாகக் கழன்றுவிடும். உண்மையான காரணம் காற்று. அது பிம்பத்தை ஆட்டிக் கலைக்கிறது. எக்ஸ் கதிர், பெரும்பாலான புற ஊதா, அகச்சிவப்பின் பெரும்பகுதி ஆகியவற்றைத் தரைக்கு வரவிடாமல் தடுக்கிறது.

இனி கேமின் இதயத்துக்கு வருகிறேன். தொலைநோக்கி என்பது முதலில் ஒளியைப் பிடிக்கும் பாத்திரம். பெரிதாக்கிக் காட்டுவது அதற்கு அப்புறம்தான். ஹப்பிளின் ஆடி 2.4 மீட்டர் அகலம், வெப்பினுடையது 6.5 மீட்டர். பரப்பளவில் வெப் ஏறக்குறைய ஆறு மடங்கு. 2003 செப்டம்பரிலிருந்து 2004 ஜனவரி வரை ஹப்பிள் வானத்தின் ஒரு சின்னஞ்சிறு துண்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தது. பூமியை 400 முறை சுற்றும் காலத்தில் 800 முறை படம் பிடித்தது. மொத்தம் 11 நாளுக்கும் மேற்பட்ட வெளிச்சச் சேமிப்பு. அதில் தெரிந்த மிக மங்கலான பொருட்களிலிருந்து நிமிடத்துக்கு ஒரு ஃபோட்டான், அதாவது ஒரே ஓர் ஒளித்துகள், என்ற கணக்கில்தான் ஒளி வந்தது. கடைசியில் அந்தத் துண்டுக்குள் சுமார் 10,000 விண்மீன் மண்டலங்கள் தெரிந்தன. காத்திருப்பதுதான் இங்கே திறமை. இதை எப்படி விளையாட்டாக்குவது?

நான் கம்ப்யூட்டரைத் திறக்காமல் காகிதத்தில்தான் செய்து பார்த்தேன், நீங்களும் அப்படியே தொடங்குங்கள். பத்துக்குப் பத்துக் கட்டம் போட்ட ஒரு தாள். ஒரு பையில் சின்னச் சின்ன அட்டைச் சீட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு கட்டத்தின் எண். எல்லாக் கட்டத்துக்கும் ஒரு சீட்டு உண்டு, அது வானத்தின் பின்னணி வெளிச்சம். பையில் ஒரு விண்மீன் மண்டலம் ஒளிந்திருந்தால், அதன் வடிவத்தில் வரும் கட்டங்களுக்கு மட்டும் நாலைந்து சீட்டு கூடுதலாக இருக்கும். ஆடுபவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டை எடுத்து, அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, சீட்டைத் திரும்பப் பையில் போட்டுக் குலுக்க வேண்டும். ஒரு சீட்டு என்பது ஒரு ஃபோட்டான். ஹப்பிள் வைத்திருப்பவருக்கு ஒரு முறைக்கு ஒரு சீட்டு. வெப் வைத்திருப்பவருக்கு ஆறு சீட்டு. எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிட்டு, சுருள் வடிவமா, நீள்வட்டமா, ஒன்றுமே இல்லையா என்று சொல்லலாம். ஆனால் மொத்தம் 60 முறைதான், அதற்குள் மூன்று பைகளைப் பார்த்து முடிக்க வேண்டும்.

ஒரு சிறுமி இதை ஆடியபோது பக்கத்தில் இருந்தேன். ஹப்பிள் அவளிடம். இருபது புள்ளிகள் விழுந்ததும், "சுருள்! இதோ வளையுது பாருங்க" என்று விரலால் கோடு இழுத்துக் காட்டினாள். பையைத் திறந்து காட்டினேன். அதில் மண்டலமே இல்லை, வெறும் வானம். தற்செயலாக விழுந்த புள்ளிகளை அவள் கண் சேர்த்து வளைவாக்கியிருக்கிறது. அடுத்த பைக்கு அவள் அவசரப்படவில்லை. முப்பது புள்ளி வந்தும் வாயைத் திறக்கவில்லை. மிச்சமிருந்த பத்து முறையைப் பார்த்தாள், மூன்றாவது பையைப் பார்த்தாள், அதைத் தொடாமல் விட்டுவிட்டு இதிலேயே இன்னும் பத்துப் புள்ளி சேர்த்தாள். உண்மையான சமிக்ஞைக்கும் தற்செயலாக விழும் இரைச்சலுக்கும் உள்ள வேறுபாட்டையும், நேரத்தை எதில் முதலிடுவது என்ற வானியலாளரின் கவலையையும் நான் ஒரு வார்த்தையும் சொல்லாமலே அவள் கற்றுக்கொண்டாள்.

இதைத் திரையில் கொண்டுவரும்போது ஒரு கணக்கை மட்டும் சரியாக வையுங்கள். நாலு மடங்கு நேரம் நின்றால் தெளிவு இரண்டு மடங்குதான் கூடும். ஃபோட்டான் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது தெளிவு. நேரம் கூடக் கூட லாபம் குறைந்துகொண்டே போகும் என்பதால் நிறுத்துவதா தொடர்வதா என்ற முடிவு தானாகவே சுவையாகிவிடும். நீங்கள் தனியாக எதையும் கூட்டிக் குறைத்துச் சமன் செய்ய வேண்டியதில்லை.

இதற்கு அடுத்து நேரப் பங்கீடு. வெப்பின் நாலாவது ஆண்டுக்கு வானியலாளர்களிடமிருந்து 2,377 விண்ணப்பங்கள் வந்தன. கேட்ட நேரம் மொத்தம் சுமார் 78,000 மணி. ஆண்டுக்கு இருப்பதோ 8,760 மணி. போதாததற்கு, வெப் நினைத்த திசையில் திரும்ப முடியாது. அதன் சூரியக் கவசம் எப்போதும் சூரியனுக்கும் ஆடிக்கும் நடுவில் இருக்க வேண்டும், அதனால் சூரியனிலிருந்து 85 பாகைக்கும் 135 பாகைக்கும் இடைப்பட்ட பட்டையில் மட்டுமே பார்க்கலாம். இதற்கு இரண்டு அட்டைத் தட்டுகள் போதும். கீழ்த்தட்டில் பன்னிரண்டு மாதமும் இலக்குகளும். மேல்தட்டில் சூரியனுக்கு இருபுறமும் 50 பாகை அகலத்தில் ஒவ்வொரு ஜன்னல். நாளுக்கு ஒரு பாகை என்று திருப்பிக்கொண்டே போனால், கோள்கள் செல்லும் தளத்தில் இருக்கும் ஓர் இலக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, தடவைக்கு ஏறக்குறைய 50 நாள் மட்டும் ஜன்னலில் தெரியும். ஒரு நட்சத்திரம் திடீரென்று வெடித்துவிட்டது, ஆனால் ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது என்று ஒரு சீட்டு வரட்டும். அந்தத் தவிப்பு உண்மையானது.

ஹப்பிளை எடுத்தால் கட்டுப்பாடு வேறு மாதிரி. அது சுமார் 95 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது. பெரும்பாலான இலக்குகளை ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம் பூமியே மறைத்துவிடும். 90 பாகை திரும்ப அதற்குக் கால் மணி நேரம், கடிகாரத்தின் நிமிட முள் வேகம். இந்த வேகத்தைத் திரையில் காட்டுங்கள். கேமிராவைப் போல வெடுக்கென்று திரும்பினால் அது தொலைநோக்கி மாதிரியே இருக்காது.

புதிர் பிடித்தவர்களுக்கு வெப்பின் ஆடிகளை ஒழுங்குபடுத்தும் கட்டத்தைவிட நல்ல லெவல் எனக்குத் தெரியாது. ராக்கெட்டின் தலைக்குள் அடங்காது என்பதால் அந்த ஆடியை 18 அறுகோணத் துண்டுகளாகச் செய்து மடித்து அனுப்பினார்கள். 2022 பிப்ரவரியில் பெருங்கரடி விண்மீன் குழுவில் உள்ள ஒரே ஒரு நட்சத்திரத்தை நோக்கித் திருப்பினார்கள். வந்த படத்தில் 18 நட்சத்திரங்கள்! துண்டுக்கு ஒன்றாக ஒரே நட்சத்திரம் சிதறிக் கிடந்தது. எந்தப் புள்ளி எந்தத் துண்டினுடையது? ஒரு துண்டை லேசாக அசைப்பார்கள், எந்தப் புள்ளி நகர்கிறது என்று பார்ப்பார்கள். அந்தப் புள்ளிகளைத் தேடும் வேலைக்கு மட்டும் 156 திசைகளில் திருப்பி 1,560 படங்கள் எடுத்தார்கள், ஏறக்குறைய 25 மணி நேரம் ஆனது. பிறகு எல்லாவற்றையும் அறுகோண அணிவகுப்பாக அடுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நானோமீட்டர் கணக்கில் நகர்த்தி ஒரே ஆடியாக்கினார்கள். இதை அப்படியே கேமில் வைக்கலாம், மாற்றவே வேண்டாம். 18 அதிகம் என்று தோன்றினால் ஏழு துண்டில் தொடங்குங்கள். துண்டை அசைத்ததும் புள்ளி உடனே நகர வேண்டாம். அடுத்த படம் எடுத்த பிறகுதான் தெரியட்டும். அந்தச் சிறு தாமதம் ஆடுபவரைக் கண்டபடி இழுப்பதிலிருந்து தடுத்து யோசிக்க வைக்கும்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது பழுதுகள். கேம் செய்பவர்கள் பழுது என்றால் 'கேம் ஓவர்' என்று எழுதிவிடுகிறார்கள். தொலைநோக்கிகளின் கதை வேறு மாதிரி. வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைத் தேடிய கெப்ளர் தொலைநோக்கி 2009-இல் போனது. ஒரே திசையில் அசையாமல் நிற்க அதற்குள் நாலு சுழல் சக்கரங்கள், குறைந்தது மூன்று ஓட வேண்டும். 2012-இல் ஒன்று நின்றது, 2013-இல் இன்னொன்று. இரண்டு சக்கரத்தை வைத்துக்கொண்டு நிற்க முடியாது. பொறியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சூரிய ஒளிக்கு மிக மெல்லிய அழுத்தம் உண்டு. அந்த அழுத்தம் இரண்டு பக்கமும் சமமாக விழும்படி விண்கலத்தைத் திருப்பி வைத்து, வெயிலையே மூன்றாவது சக்கரமாக்கிக்கொண்டார்கள். பழைய இடத்தையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது, ஏறக்குறைய 80 நாளுக்கு ஒரு முறை புதிய இடத்துக்கு மாற வேண்டும். அப்படியே 2018-இல் எரிபொருள் தீரும்வரை வேலை செய்தது.

ஸ்பிட்சர் என்ற அகச்சிவப்புத் தொலைநோக்கி இன்னோர் உதாரணம். அகச்சிவப்புக்குத் தொலைநோக்கி குளிர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அதன் சொந்த வெப்பமே படத்தில் வெளிச்சமாக விழும். 2003-இல் திரவ ஹீலியத்தோடு போன அது, 2009 மே மாதம் ஹீலியம் தீர்ந்ததும் நீண்ட அலைநீளங்களை இழந்தது. குட்டை அலைநீளங்கள் இரண்டு மிச்சம் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டே 2020 ஜனவரி வரை ஓடியது. ஹப்பிளைக் கேட்கவே வேண்டாம். 1990-இல் மேலே போனதும்தான் ஆடியின் விளிம்பு 2.2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கூடுதலாகத் தட்டையாக இருப்பது தெரிந்தது. ஆடியைச் சோதித்த கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. தள்ளி வைக்கப்பட்டிருந்ததுதான் காரணம். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய், அந்தப் பிழையைச் சரியாக எதிர்த்திசையில் வளைக்கும் சின்ன ஆடிகளையும், அதே திருத்தத்தைத் தனக்குள் கொண்ட புதிய கேமிராவையும் பொருத்தினார்கள். 2024 ஜூனிலிருந்து திசை காட்டும் கைரோ ஒன்றை மட்டும் பயன்படுத்தி இயங்குகிறது. செவ்வாயைவிட அருகில் நகரும் பொருட்களைத் தொடர முடியாது, மற்றபடி பெரும்பாலான வேலைகள் நடக்கின்றன.

ஆகவே உங்கள் கேமில் பாகம் கெட்டால் ஆட்டம் நிற்கக் கூடாது, கேள்வி மாற வேண்டும். "இனி எதைப் பார்க்க முடியாது?" என்ற திரை வேண்டாம். "இன்னும் எதைப் பார்க்கலாம்?" என்ற திரை வரட்டும். மிச்சமுள்ள சக்கரங்கள், வடிகட்டிகள், எரிபொருள் ஆகியவற்றை மேஜையில் பரப்பிக் காட்டி, அவற்றை வைத்துச் செய்யக்கூடிய புதிய திட்டத்தை ஆடுபவர் கட்டட்டும். மீட்கவே முடியாத முடிவும் உண்மையில் உண்டு. ஜப்பானின் ஹிட்டோமி என்ற எக்ஸ் கதிர் தொலைநோக்கி 2016-இல் ஏவிய சில வாரங்களிலேயே, தான் சுழல்வதாகத் தவறாக எண்ணிக்கொண்டு அதைச் சரிசெய்யப் போய் உண்மையிலேயே சுழன்று உடைந்துபோனது. அதையும் ஒரு தடவையாவது காட்டலாம். ஆனால் அது அரிதாக வர வேண்டும், காரணம் புரியும்படி வர வேண்டும்.

மடித்து அனுப்பிய வெப் விண்வெளியில் விரிந்த நாட்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒன்று பிசகினாலும் திட்டமே பாழாகக்கூடிய இடங்கள் 344 இருந்தன என்று நாசா சொன்னது. கேட்டவுடன் 344 பட்டன் அழுத்தும் பரபரப்பான லெவல் செய்யத் தோன்றும். வேண்டாம். வேகமாகப் பட்டன் அழுத்துவதில் தொலைநோக்கியைப் பற்றி ஒன்றுமே இல்லை. உண்மையில் அது சுமார் இரண்டு வாரம் நிதானமாக நடந்த வேலை. ஐந்து அடுக்குக் கவசத்தை ஏன் இத்தனை பாடுபட்டு விரிக்க வேண்டும் என்பதைத் தொட வைக்கலாம்: ஒவ்வோர் அடுக்கை இழுக்கும்போதும் ஆடிப் பக்கத்து வெப்பமானி இறங்கட்டும். வெயில் பக்கம் சுமார் 85 டிகிரி செல்சியஸ், நிழல் பக்கம் மைனஸ் 233 வரை. நடுவில் இருப்பது மெல்லிய படலங்கள் மட்டுமே.

வண்ணம் பற்றியும் கேம் பேசியாக வேண்டும். 'இந்தப் படமெல்லாம் பெயின்ட் அடித்தது' என்று சொல்பவர்களும், கண்ணால் பார்த்தாலும் இப்படியே தெரியும் என்று நம்புபவர்களும் சம அளவில் இருக்கிறார்கள். தொலைநோக்கி அனுப்புவது கறுப்பு வெள்ளைப் படங்கள், வடிகட்டிக்கு ஒன்று. வெப்பின் வடிகட்டிப் பெயரிலேயே அலைநீளம் இருக்கிறது: எஃப்090 என்றால் 0.90 மைக்ரான், எஃப்444 என்றால் 4.44 மைக்ரான். குட்டை அலைநீளத்துக்கு நீலம், நடுத்தரத்துக்குப் பச்சை, நெட்டைக்குச் சிவப்பு என்று கொடுத்து ஒன்றாக்குவார்கள். ஆடுபவருக்கு மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களைக் கொடுத்து வண்ணம் ஒதுக்கச் சொல்லுங்கள். வரிசையை மாற்றிப் போட்டால் என்ன ஆகிறது என்றும் பார்க்கட்டும். இதற்குப் படம் வரைய வேண்டாம். ஹப்பிள், வெப் இரண்டின் தரவும் பொது ஆவணக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உண்மையான தரவு என்று தெரிந்ததும் ஆடுபவர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றியுள்ள முட்களை எண்ணச் சொல்லுங்கள். ஹப்பிள் படத்தில் நாலு, வெப் படத்தில் பெரிது ஆறு, சிறிது இரண்டு. எந்தப் படம் எந்தத் தொலைநோக்கி என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

துல்லியம் எவ்வளவு என்ற இரண்டாவது கேள்வி. எண்ணைச் சுருக்கலாம், காரணத்தை மாற்றக் கூடாது. இதுதான் நான் வைத்திருக்கும் கோடு. 11 நாள் காத்திருப்பை 40 விநாடி ஆக்கலாம், மூலையில் நாட்காட்டி ஓடிக்கொண்டிருந்தால் போதும். 18 ஆடியை ஏழாக்கலாம். ஆனால் பாயிண்ட் சேர்த்தால் ஆடி பெரிதாகும் என்று வைக்காதீர்கள். மேலே போன ஆடி வளராது. ஆடியின் அளவை ஏவுவதற்கு முன்பே, எடையையும் ராக்கெட்டின் தலை அகலத்தையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும், பிறகு அதோடுதான் வாழ வேண்டும். அதேபோல் வெப்பைப் பழுதுபார்க்க விண்வெளி வீரரை அனுப்பும் பட்டன் வைக்காதீர்கள். ஹப்பிளுக்கு 1993 முதல் 2009 வரை ஐந்து முறை போனார்கள், வெப் அப்படி ஆள் போய்ச் சரிசெய்வதற்காக வடிவமைக்கப்பட்டதே இல்லை. இந்த இரண்டையும் கேம் கலந்துவிட்டால், பிள்ளைகள் அதைக் கடைசிவரை கலந்தே வைத்திருப்பார்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்றால், ஹப்பிளிலிருந்து. கண்ணுக்குத் தெரியும் ஒளி என்பதால் அகச்சிவப்பை முதலிலேயே விளக்க வேண்டியதில்லை. வெப்பை இரண்டாவதாக வைத்தால் 'ஏன் குளிர வேண்டும், ஏன் தள்ளிப் போக வேண்டும்' என்ற கேள்விகள் ஒப்பிட்டுப் பார்க்கும்போது தானாக எழும். எக்ஸ் கதிர் தொலைநோக்கியான சந்திராவை முதல் கேமில் தொடாதீர்கள். அதன் ஆடிகள் தட்டு மாதிரி இருக்காது, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய குழாய்கள் மாதிரி இருக்கும், கதிர் உரசிக்கொண்டு போய்க் குவியும். அருமையான விஷயம், தனியாக ஒரு கேமுக்கு உரியது. கெப்ளரும் அப்படித்தான். வியாழன் அளவுக் கோள் சூரியன் போன்ற நட்சத்திரத்தை மறைத்தால் ஒளி 1 சதவீதம் குறையும், பூமி அளவு என்றால் 0.008 சதவீதம். நட்சத்திரத்தின் ஒளி கூடிக் குறைவதைக் காட்டும் வரைபடங்களில் இந்தப் பள்ளத்தைத் தேடும் வேலையைப் பிளானட் ஹன்டர்ஸ் திட்டம் 2010-லிருந்து பொதுமக்களிடமே கொடுத்தது.

கலைச்சொற்களைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சொல்லை முதலில் கொடுத்துவிட்டுப் பொருளை விளக்காதீர்கள். இரைச்சல் புள்ளிகளால் இரண்டு முறை ஏமாந்த பிறகு 'இதற்குப் பெயர் இரைச்சல்' என்று சொன்னால் போதும், மறக்காது. வண்ணத்தை மட்டும் நம்பி எந்த விதியையும் வைக்காதீர்கள், நிறக்குருடு உள்ளவர்களும் ஆடுவார்கள். முடிந்தால் பிரகாசத்தை ஒலியாகவும் மாற்றிக் கொடுங்கள். சந்திரா குழு தங்கள் படங்களையே அப்படி இசையாக்கி வெளியிட்டிருக்கிறது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டுமல்லாமல், கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய மாற்றத்தைப் பிடிக்க எல்லோருக்குமே அது உதவுகிறது.

கடைசியாக, அவர்கள் கற்றுக்கொண்டார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது. மார்க் போடும் தேர்வு வேண்டாம். ஆடும் முன் ஒரு வெற்றுத்தாள் கொடுத்து, மங்கலான ஒரு பொருளைத் தெளிவாகப் பார்க்கத் தொலைநோக்கியில் என்னென்ன மாற்றலாம் என்று வரையச் சொல்லுங்கள். ஆடிய பின் இன்னொரு தாள், அதே கேள்வி. முதல் தாளில் பெரும்பாலும் நீண்ட குழாயும், அது நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் பறப்பதும் இருக்கும். இரண்டாவது தாளில் அகலமான ஆடியோ, கடிகாரமோ, ஒரு நிழல் கூரையோ வந்திருந்தால் அந்த லெவலைத் தொடாமல் அப்படியே விடுங்கள். வரவில்லை என்றால் பிள்ளையிடம் விளக்கத் தொடங்காதீர்கள், எந்த விதி அதைச் சொல்லத் தவறியது என்று தேடுங்கள். அவர்கள் ஆடும்போது நீங்கள் வாயைத் திறக்காமல் பின்னால் உட்கார்ந்து, எங்கே கை தயங்குகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டம் போட்ட தாளும் சீட்டுப் பையும் ஒரு மாலையில் தயாராகிவிடும். கோடோவைத் திறப்பதற்கு முன் ஐந்து பேரிடமாவது அதைக் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.